கட்டை அவிழ்க்கச் சொன்ன மருத்துவர்

நம் சங்க மலருக்குச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரவேண்டும் என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டார்கள். மருத்துவ மாணவனான நான் இளங்கோவைப் பற்றி எழுதப் போவதில்லை என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கும். தமிழ் பயிலும் நண்பர்கள் அதை என்னினும் செம்மையாகச் செய்வர். நான் எடுத்துக்கொண்டவர் ஒரு ஜெர்மானியர். 1889இல் இறந்தவர். தமிழ்நாட்டுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆயினும் எங்கள் ஊரில் எனக்குத் தம்பி முறையாகும் ஒருவன் தன் வலக்கையில் இன்றும் அவர் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறான். அவனுக்கு அது தெரியாது.

அவன் என் பெரியம்மாவின் மகன். என்னைவிட நான்கு வயது இளையவன். எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு கோடை விடுமுறையில் இருவரும் கொடுக்காப்புளி பறிக்க மரமேறினோம். நான் இறங்கிவிட்டேன், அவன் விழுந்தான். விழும் குழந்தை கையை ஊன்றித்தானே விழும்? ஊன்றிய கை முழங்கைக்குச் சற்று மேலே முறிந்தது. அன்று மாலையே கட்டுப் போட்டு அழைத்து வந்துவிட்டார்கள். கட்டியவர் யார், எந்த இடம் என்பதெல்லாம் இங்கே வேண்டா. நல்ல இறுக்கமான கட்டு. இறுகக் கட்டினால்தான் எலும்பு கூடும் என்று எங்கள் வீட்டார் நம்பினார்கள். அப்படி நம்பாத வீடு எது?

இரவெல்லாம் அவன் அலறினான். எலும்பு முறிந்தால் வலிக்கத்தான் செய்யும் என்று பெரியவர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் வெளுத்து வீங்கியிருந்தன. யாராவது விரலைத் தொட்டு நிமிர்த்தினால் துடித்துப்போனான். மறுநாள் உச்சிக்கு மேல் அழுகை சிறிது சிறிதாக ஓய்ந்தது. வீடே பெருமூச்சு விட்டது. ஆத்தா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். அந்த அமைதி எதனால் வந்தது என்று நான் தெரிந்துகொள்ளப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தசைக்கு உயிர் இருக்கும்வரைதான் கை அழும். உணர்த்தும் நரம்பும் மரத்த பிறகு அது அழுவதில்லை.

சில வாரங்கள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. ஆனால் மணிக்கட்டு உட்புறம் மடிந்து, விரல்கள் பருந்தின் கால்போலச் சுருண்டு கிடந்தன. எண்ணெய் தேய்த்து உருவினார்கள். நாளடைவில் சரியாகிவிடும் என்றார்கள். ஆகவில்லை. அவன் இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டான்.

பிறகு நான் மருத்துவம் படிக்க வந்தேன். எலும்பு மருத்துவ வகுப்பில் ஒரு நாள் பேராசிரியர் திரையில் ஒரு படம் காட்டினார். எங்கோ ஒரு குழந்தையின் கை; எனக்கோ அது என் தம்பியின் கை. அதன் கீழே வோல்க்மன் சுருக்கம் என்று எழுதியிருந்தது. ஜெர்மானியர் அப்பெயரை ஃபோல்க்மன் என்று ஒலிப்பர். நாம் வகுப்பில் சொல்லிப் பழகியபடியே எழுதிவிடுகிறேன். அன்று மாலை நூலகத்துக்குப் போனேன். நோய்க்குத் தம் பெயரைச் சூட்டிக்கொண்டு போன யாரோ ஒரு கல்நெஞ்சர் என்ற எண்ணத்தோடுதான் போனேன். அங்கே நான் கண்டவர் குழந்தைகளுக்குக் கதை எழுதியவர்.

ரிச்சர்டு வோல்க்மன் 1830 ஆகஸ்டு 17ஆம் நாள் லைப்சிக் நகரில் பிறந்தார். தந்தை ஆல்ஃபிரட் வில்ஹெல்ம் வோல்க்மன் பெயர்பெற்ற உடலியல் பேராசிரியர். தாய், இசை நூல் வெளியீட்டில் புகழ்பெற்ற ஹெர்ட்டல் குடும்பத்துப் பெண். ஆகவே அறிவியலும் கலையும் ஒரே கூரையின்கீழ் வளர்ந்த வீடு அது. தந்தையார் முதலில் டோர்பாட் பல்கலைக்கழகத்துக்கும் (இன்று எஸ்தோனியாவில் டார்ட்டு என்று வழங்கும் ஊர் அது), பின்னர் 1843இல் ஹாலே பல்கலைக்கழகத்துக்கும் மாறினார். மகனும் உடன் சென்றார். ஹாலே, கீசன், பெர்லின் ஆகிய இடங்களில் மருத்துவம் பயின்று 1854இல் பட்டம் பெற்றார். மீண்டும் ஹாலேக்கே வந்து அறுவை மருத்துவத்தில் உதவியாளராய் அமர்ந்து, 1867இல் அங்கேயே பேராசிரியரும் மருத்துவமனைத் தலைவரும் ஆனார். அதன்பின் சாகும்வரை ஹாலேதான். 1882இல் பெர்லினில் லாங்கன்பெக் என்னும் பேரறிஞரின் இடத்துக்கு அழைப்பு வந்தபோதும் அவர் போகவில்லை. தலைநகரத்துப் பதவியை மறுத்து ஒரு நடுத்தர ஊரில் தங்கிவிட்ட பேராசிரியரை நம் காலத்தில் எளிதில் காண முடியுமோ?

1866இல் பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் போர். 1870இல் பிரஷ்யாவுக்கும் பிரான்சுக்கும் போர். இரண்டிலும் அவர் படையோடு போனார். இரண்டாவது போரில் பாரிஸ் மாநகரைச் சூழ்ந்து முற்றுகை நடந்தது. 1870 செப்டம்பரில் தொடங்கி மறு ஆண்டு சனவரி முடிவுவரை நீண்ட முற்றுகை அது. பகலெல்லாம் குண்டடி பட்ட கால்களையும் கைகளையும் பார்த்துவிட்டு, இரவில் யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன வீட்டின் கணப்பருகே உட்கார்ந்து, இந்த அறுவை மருத்துவர் கதைகள் எழுதினார். எழுதியவற்றைக் கடிதங்களாக வீட்டுக்கு அனுப்பினார். அவை 1871இல் பிரெஞ்சுக் கணப்புகளின் அருகே கண்ட கனவுகள் என்னும் பொருள்படும் தலைப்பில், ரிச்சர்டு லேயாண்டர் என்னும் புனைபெயரில் நூலாக வந்தன. ஜெர்மன் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக அதைப் படித்தார்கள். மருத்துவர் வோல்க்மனை அறியாத வீடுகளிலும் லேயாண்டரை அறிந்திருந்தார்கள். அவர் எழுதிய பாடல்கள் இரண்டுக்கு மாலர் என்னும் பெரும் இசைஞர் பண் அமைத்ததும் உண்டு.

அந்நூலில் ஒரு கதை கூனிச் சிறுமியைப் பற்றியது. தெருவில் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்க்கிறார்கள். ஏன் பார்க்கிறார்கள் என்று அவள் கேட்க, புதுச் சட்டை அழகாக இருப்பதால்தான் என்று தாய் சொல்லி மறைக்கிறாள். தாய் இறக்கிறாள். மாற்றாந்தாய் வருகிறாள், உனக்குக் கூன், அதனால்தான் வெளியே அழைத்துப் போவதில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். சிறுமி மெலிந்து மெலிந்து இறந்துபோகிறாள். வானவன் ஒருவன் வந்து அவள் முதுகைத் தொட, கூன் ஓடுபோல விழுகிறது. உள்ளே மடித்து வைத்திருந்த இரண்டு வெண்சிறகுகள் விரிகின்றன. இதை எழுதியவர் நாள்தோறும் கூன் முதுகுகளையும் வளைந்த கால்களையும் நேராக்க முயன்று, பல வேளைகளில் முடியாமல் திரும்பிய ஒருவர் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் கதை வேறு விதமாகத் தோன்றுகிறது. எனக்கு அப்படித் தோன்றியது.

போர் முடிந்து ஹாலேக்குத் திரும்பிய வோல்க்மன் கண்டது வெற்றி விழாவை அன்று. மருத்துவமனை எங்கும் சீழும் நச்சுக் காய்ச்சலும். எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளியே வந்தால், காலை வெட்டுவது அல்லது உயிரை விடுவது என்பதே அக்கால நிலை. கட்டடம் பழையது, நெருக்கடியோ மிகுதி. மருத்துவமனையை மூடிவிடலாமா என்றுகூட அவர் எண்ணியதாகச் சொல்வர். ஸ்காட்லாந்தில் லிஸ்டர் என்பவர் கார்பாலிக் அமிலத்தால் புண்ணைக் காத்துச் சீழ் வராமல் தடுக்கிறார் என்ற செய்தி வந்திருந்தது. பலர் நம்பவில்லை. வோல்க்மனும் பெரிய நம்பிக்கையோடு தொடங்கவில்லை. ஆனாலும் 1872இல் அம்முறையைத் தம் மருத்துவமனையில் முழுமையாகப் புகுத்திப் பார்த்தார். அதே கட்டடத்தில் சாவு குறைவதைக் கண்ணாரக் கண்டார். பின்பு ஜெர்மனி முழுவதும் அதற்காகப் பேசியும் எழுதியும் வந்தார். ஜெர்மன் நாட்டில் லிஸ்டர் முறை வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1875இல் லிஸ்டர் ஜெர்மனியைச் சுற்றி வந்தபோது மாணவர்களும் ஆசிரியர்களும் அவருக்கு அரசனுக்குரிய வரவேற்பு அளித்தார்கள்.

அவர் செய்த பிற பணிகளை விரித்தால் இம்மலர் போதாது. 1872இல் தோன்றிய ஜெர்மன் அறுவை மருத்துவக் கழகத்தை நிறுவியவர்களுள் அவர் ஒருவர். ஹாலேயைச் சுற்றியிருந்த தார் ஆலைத் தொழிலாளரிடம் காணும் ஒருவகைத் தோல் புற்றுநோய்க்கு அத்தொழிலே காரணம் என்று எடுத்துக்காட்டியவர்களுள் முன்னோடியும் அவரே. 1885இல் அரசு அவரை உயர்குடியினராக்கிச் சிறப்பித்தது. இவற்றை விட்டு நான் 1881ஆம் ஆண்டுக்கு வருகிறேன். அவ்வாண்டு ஆகஸ்டில் லண்டன் மாநகரில் உலக மருத்துவர் மாநாடு. அங்கே இக்கால அறுவை மருத்துவத்தின் வெற்றிகளைப் பற்றிப் பேச அழைக்கப்பட்டவர் வோல்க்மன். அதே ஆண்டில்தான் அறுவை மருத்துவர்களின் வார இதழ் ஒன்றில் மூன்றே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். லண்டன் பேச்சை இன்று தேடிப் படிப்பவர் சிலரே. இந்த மூன்று பக்கத்தால்தான் அவர் பெயர் என் வகுப்புத் திரையில் வந்தது.

அக்கட்டுரையின் அருமை தெரிய வேண்டுமானால் மாவுக்கட்டின் வரலாற்றைச் சிறிது சொல்ல வேண்டும். முறிந்த கையை அசையாமல் பிடிக்க மரப்பத்தையும் மூங்கிற்பத்தையும் எல்லா நாட்டிலும் வழங்கின. 1852இல் மத்தைசன் என்னும் டச்சுப் படை மருத்துவர், துணிச்சுருளில் ஜிப்சம் மாவைத் தடவி நனைத்துச் சுற்றும் முறையை வெளியிட்டார். சில நிமிடங்களில் கல்லாய் இறுகும். எந்த வடிவுக்கும் பொருந்தும். மருத்துவ உலகம் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. ஆனால் கல் விரியாது; முறிந்த கையோ விரியும். முறிந்த இடத்தில் குருதி கசிந்து, மணிக்கு மணி வீக்கம் ஏறும். வெளியே விரிய இடமில்லாவிட்டால் உள்ளே நெரிபடும்.

இப்படி நெரிபட்ட கைகள் பின்னாளில் சுருண்டு செயலற்றுப் போவதை மருத்துவர் பலரும் பார்த்திருந்தார்கள். நரம்பு அழுந்தியதால் வந்த வாதம் என்று அதற்கு ஒரு பெயரும் சொல்லிக்கொண்டார்கள். வோல்க்மன் அதை மறுத்தார். அவர் சொன்ன காரணம் மிக எளிது. நரம்பு செத்தால் தசை முதலில் தளரும். சுருக்கம் பிறகே, மெல்ல மெல்ல வரும். இங்கோ செயலிழப்பும் சுருக்கமும் ஏறத்தாழ ஒருங்கே வருகின்றன. தொட்டுப் பார்த்தால் தசை கட்டைபோல் இறுகியிருக்கிறது. ஆகவே கேடு நரம்பில் தொடங்கவில்லை, தசையிலேயே தொடங்குகிறது. குருதி வரத்து நெடுநேரம் நின்றதால் தசை செத்து, பிணம் விறைப்பதுபோல் விறைத்து, பின் தழும்பாகிச் சுருங்குகிறது என்றார். குருதி நின்றது எதனால்? நாம் கட்டிய இறுக்கமான கட்டினால் என்றார்.

இங்கே சற்று நிற்க வேண்டும். அவர் பழி சொன்னது நாட்டுப்புறத்துக் கைவைத்தியரை அன்று. விழுந்த குழந்தையை அன்று. கவலையற்ற பெற்றோரை அன்று. பல்கலைக்கழகத்தில் படித்த அறுவை மருத்துவரின் கட்டையே சொன்னார். சொன்ன இடமும் அறுவை மருத்துவர்கள் படிக்கும் இதழ். லிஸ்டர் முறையால் தொழிலின் மதிப்பு வானளாவ உயர்ந்திருந்த ஆண்டில், அத்தொழிலின் தலைவர்களுள் ஒருவரே இதை எழுதினார். நம் நாட்டில் இப்பேச்சு எழுந்தாலே ஒரு சாரார் மூங்கிற்பத்தையைப் பழிப்பர். மறுசாரார் மருத்துவமனையைப் பழிப்பர். கட்டு எவர் கட்டினாலும் குருதிக்கு வழி ஒன்றுதான்.

அவர் சொன்னதில் குறை இல்லாமல் இல்லை. கட்டையே முழுக் காரணமாகக் கண்டார். கட்டே போடாத கையிலும் இக்கேடு வரும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. முன்கைத் தசைகளைச் சுற்றி விரியாத உறை ஒன்று இயற்கையாகவே உண்டு. வீக்கம் மிகும்போது அந்த உறையே இறுக்கமான கட்டாகிவிடுகிறது. கட்டை வெட்டியும் வலி தணியாவிட்டால் உறையையும் கத்தியால் நெடுகத் திறந்துவிட வேண்டும் என்ற மருத்துவம் இருபதாம் நூற்றாண்டில் நிலைபெற்றது. அதற்குரிய நேரமும் நீண்டதன்று. குருதியற்ற தசை ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குமேல் தாங்குவது அரிது. என் தம்பி அழுத இரவு அதைவிட நீண்டது.

குழந்தைகளுக்கு முழங்கை முறிவு ஏன் இவ்வளவு அஞ்சத்தக்கது என்பதை மருத்துவம் படியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். மேற்கை எலும்பு முழங்கைக்குச் சற்று மேலே முன்னும் பின்னும் குழிந்து, நடுவில் அட்டைபோல் மெல்லியதாகிறது. ஐந்து முதல் ஏழு வயதுக்குள் கையை நீட்டி ஊன்றி விழுந்தால் முறிவது பெரும்பாலும் அங்கேதான். கீழ்த்துண்டு பின்னே போகும். மேல்துண்டின் கூர்முனை முன்னே பாயும். முன்னே இருப்பவையோ கைக்குக் குருதி கொண்டுபோகும் பெருந்தமனியும் நடுநரம்பும்.

ஆகவே இத்தகைய குழந்தை வந்தால் எக்ஸ்ரேக்கு அனுப்புமுன் கையைப் பார் என்பது எங்களுக்குக் கற்பிக்கும் முதற்பாடம். மணிக்கட்டில் நாடி துடிக்கிறதா? விரல் நுனியை அழுத்தி விட்டால் சிவப்பு உடனே திரும்புகிறதா? பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையம்போலச் சேர்க்க முடிகிறதா? முடியாவிட்டால் நடுநரம்பின் கிளைக்கு ஊறு. பெருவிரலை உயர்த்திக் காட்டச் சொல்வதும், விரல்களை விரிக்கச் சொல்வதும் மற்ற இரு நரம்புகளுக்கான சோதனை. அழும் ஆறு வயதுக் குழந்தையிடம் இவற்றை வாங்குவது சோதனைச்சாலை வேலை அன்று. கொஞ்சம் விளையாடத் தெரிந்திருக்க வேண்டும்.

எக்ஸ் கதிரை ராண்ட்கன் கண்டது 1895இல். வோல்க்மன் இறந்து ஆறு ஆண்டு கழித்து! விரலால் தடவியே அவர் காலத்தார் முறிவை அறிந்தார்கள். நமக்குப் படம் உண்டு. ஆனால் குழந்தையின் முழங்கைப் படம் ஏமாற்றும். பாதிக்கு மேல் குருத்தெலும்பு. அது படத்தில் விழாது. எலும்பு முளைகள் ஆறு, ஏறத்தாழ ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று என்னும் வயதுகளில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். இவ்வரிசை தெரியாதவன் முளையை முறிவென்பான், முறிவை முளையென்பான். பக்கவாட்டுப் படத்தில் மேற்கை எலும்பின் முன்விளிம்பை ஒட்டி ஒரு கோடு இழுத்தால், அது கீழேயுள்ள உருண்டை முளையின் நடுவே செல்ல வேண்டும். முளை கோட்டுக்குப் பின்னே நின்றால் எலும்பு பின்சாய்ந்துவிட்டது. எலும்பின் பின்புறம் கருநிழல்போல் கொழுப்புத் திட்டு தெரிந்தால், முறிவுக் கோடு கண்ணுக்குப் படாவிட்டாலும் உள்ளே முறிவு இருக்கிறது என்றே கொள்கிறோம்.

அமெரிக்க மருத்துவர் காட்லாண்டு 1959இல் இம்முறிவுகளை மூன்று படியாகப் பிரித்தார். இன்றும் அதையே பின்பற்றுகிறோம். விலகாத முறிவுக்கு மூன்று நான்கு வாரம் கட்டு போதும். முற்றும் விலகியதற்கு, குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தி, தோலைக் கிழிக்காமல் எலும்பை இழுத்துப் பொருத்தி, மெல்லிய கம்பிகள் இரண்டு மூன்றைத் தோல்வழியே செலுத்தி நிறுத்துகிறோம். கிர்ஷ்னர் என்னும் மற்றொரு ஜெர்மானியர் 1909இல் வழக்குக்குக் கொண்டுவந்த கம்பி அது. முன்னாளில் பொருத்திய எலும்பு நழுவாதிருக்க முழங்கையை நன்றாக மடக்கி மாவுக்கட்டுப் போட்டார்கள். வீங்கிய கையை அப்படி மடக்கும்போதே தமனி நெரியும். கம்பி வந்தபின் அவ்வளவு மடக்க வேண்டியதில்லை. கட்டு எலும்பைப் பிடிக்க வேண்டிய கடமையிலிருந்து விடுபட்டது. ஆகவே தளர்வாகவே கட்டலாம்.

வோல்க்மனின் கடைசி ஆண்டுகள் துன்பமானவை. முதுகுத் தண்டில் நோய் கண்டு நடை தளர்ந்தது. எத்தனையோ பேரை நடக்க வைத்தவர் அவர். 1889 நவம்பர் 28ஆம் நாள், ஐம்பத்தொன்பதாம் வயதில், யேனா நகரில் இறந்தார். அவர் மகன் ஹான்ஸ் ஓவியராய்ப் பெயர் பெற்றார். ஹாலேயில் அவருக்குச் சிலை இருக்கிறது.

போன சனவரியில் இங்கே பட்டம் விடும் காலம். அக்காலத்தில் மொட்டை மாடிகளிலிருந்து விழும் சிறுவர் வராத நாள் இல்லை என்பது இவ்வூரில் இருக்கும் நண்பர்களுக்குத் தெரியும். ஒரு மாலை ஏழு வயதுப் பையன் ஒருவனுக்குக் கம்பி செலுத்தினார்கள். இரவுக் காவல் எனக்கு. மணிக்கொரு முறை எழுப்பி விரலை நிமிர்த்திப் பார்த்தேன். இரண்டு மணிக்கு முகம் சுளித்து அழத் தொடங்கினான். தூங்குகிற பிள்ளையை ஏன் படுத்துகிறீர்கள், முறிந்த கை வலிக்காதா என்று அவன் தாய் இந்தியில் கடிந்துகொண்டாள். எங்கள் ஆத்தா பேசுவது போலவே இருந்தது. விரல்கள் சற்றுக் குளிர்ந்திருந்தன. மூத்த மருத்துவரை எழுப்பிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தேன். அவர் சொன்னபடி, கட்டை மேலிருந்து கீழ்வரை, அடியிலிருந்த பஞ்சையும் சேர்த்துத் தோல் தெரியும்வரை வெட்டித் தளர்த்தினேன். கால் மணி நேரத்தில் விரல் நுனிகள் சிவந்தன. விரலை நிமிர்த்தினேன், அவன் கண்ணைத் திறந்து, தன் பட்டம் யாரிடம் இருக்கிறது என்று தாயைக் கேட்டான்.